இணையவழிப் பாடநெறிகளில் மாணவர்களுக்கான அறிவிப்புகள்

இணையவழிப் பாடநெறி அறிவிப்பு என்பது, இணையத்தின் வழியே ஒரு பாடத்தைக் கற்கும் மாணவர் அனைவருக்கும் ஆசிரியரோ பாடநெறிக் குழுவோ ஒரே நேரத்தில் எழுதி அனுப்பும் செய்தியாகும். வாரப் பாடம் வெளியானது, ஒப்படைப்பை அனுப்பக் கடைசி நாள், தேர்வுப் பதிவு, பாடத்தில் நேர்ந்த பிழைக்குத் திருத்தம், நேர மாற்றம் முதலியவை இதன்வழி தெரிவிக்கப்படுகின்றன. வகுப்பறையில் ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்லி, மாணவர் முகத்தைப் பார்த்து, புரியவில்லை எனத் தெரிந்தால் மீண்டும் சொல்லும் வாய்ப்பு உண்டு. இணையவழிக் கல்வியில் அந்த வாய்ப்பு இல்லை. எழுதிய சொல் மட்டுமே மாணவரைச் சென்றடைகிறது. ஆகவே அறிவிப்பு தெளிவாக இருக்க வேண்டும் என்பதுடன், படிப்பவரைச் சோர்வடையச் செய்யாமல் தொடர்ந்து கற்கத் துணை நிற்பதாகவும் இருக்க வேண்டும். இக்கட்டுரை அத்தகைய அறிவிப்புகளை எழுதும் முறையை, இந்தியாவில் பெருமளவில் பயன்படும் ஸ்வயம், என்பிடெல் பாடநெறிகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பின்னணி

பள்ளிகளில் அறிவிப்புக்கு நெடுங்காலமாக மூன்று வழிகள் இருந்து வந்துள்ளன. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் சொல்வது, வகுப்பு வகுப்பாக எடுத்துச் சென்று படிக்கப்படும் சுற்றறிக்கைக் குறிப்பேடு, அறிவிப்புப் பலகை ஆகியவையே அவை. அஞ்சல்வழிக் கல்வி வந்தபோது கடிதமும் அச்சிட்ட கையேடும் அந்த இடத்தைப் பிடித்தன. இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் படிப்புகளைத் தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் நிறுவப்பட்டன. உலகெங்கும் உள்ள தமிழர்களுக்கு இணையவழியே தமிழ் கற்பிக்க 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டம், முதலில் பாடப் பொருள்களை மட்டும் வழங்கியது. 2014 முதல் ஒப்படைப்புகள், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றுடன் கூடிய பாடநெறிகளையும் நடத்தி வருகிறது. இந்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. இத்தளத்தில் பெறும் மதிப்பெண் அலகுகளைக் கல்லூரிப் படிப்பில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் 20 விழுக்காடு வரையும், 2021ஆம் ஆண்டு விதிகள் 40 விழுக்காடு வரையும் இடமளித்தன. ஆகவே இத்தளங்களில் வெளியாகும் ஓர் அறிவிப்பைத் தவறவிட்டால், விருப்பத்துக்குப் படித்த பாடம் மட்டுமன்றிப் பட்டப்படிப்பின் ஒரு பகுதியே கைவிட்டுப் போகக்கூடும்.

அறிவிப்பின் பணி

தொலைநிலைக் கல்வியில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான தொலைவு கிலோமீட்டரால் அளக்கப்படுவதன்று என்பது அமெரிக்கக் கல்வியாளர் மைக்கேல் மூரின் கருத்து. இருவருக்கும் இடையே எவ்வளவு உரையாடல் நடக்கிறது, பாடத்தின் அமைப்பு எவ்வளவு நெகிழ்வானது, மாணவர் எந்த அளவுக்குத் தாமாகக் கற்க வல்லவர் என்பவையே அத்தொலைவை முடிவு செய்கின்றன. சுவீடனைச் சேர்ந்த பொர்யே ஹோம்பெரி, தொலைநிலைப் பாடங்களை மாணவருடன் பேசுவது போன்ற நடையில் எழுத வேண்டும் என வலியுறுத்தினார். கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கோட்பாடு, இணையவழி வகுப்பில் மூன்று வகை 'இருப்பு' உணரப்பட வேண்டும் என்கிறது. அவை அறிவு சார்ந்த இருப்பு, சமூக இருப்பு, கற்பித்தல் இருப்பு எனப்படும்.

அறிவிப்பு இம்மூன்றுக்கும் உதவுகிறது. இந்த வாரம் எதைக் கற்க வேண்டும் என்று சொல்வதால் பாடத்துக்கு வழிகாட்டுகிறது. "பலருக்கும் இந்தக் கணக்கு கடினமாக இருந்தது" என்று சொல்வதால், தடுமாறுவது தான் மட்டும் அல்ல என மாணவர் அறிகிறார். ஆசிரியர் தொடர்ந்து கவனித்து வருகிறார் என்பதையும் அதுவே காட்டுகிறது.

கட்டணமின்றி எவரும் சேரக்கூடிய இணையவழிப் பாடநெறிகளில், பதிவு செய்பவர்களில் பெரும்பாலோர் இறுதிவரை வருவதில்லை. நேரமின்மை, பாடத்தின் கடினம், விருப்பக் குறைவு எனக் காரணங்கள் பல. ஆனால் தவிர்க்கக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. ஒரு வாரம் ஒப்படைப்பைத் தவறவிட்ட மாணவர், இனிச் சான்றிதழ் கிடைக்காது என்று தாமாகவே முடிவு செய்து விலகிவிடுவதே அது. உண்மையில் என்பிடெல்லின் பெரும்பாலான 12 வாரப் பாடநெறிகளில் 12 ஒப்படைப்புகளுள் சிறந்த 8 மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன. 8 வாரப் பாடநெறியில் சிறந்த 6, 4 வாரப் பாடநெறியில் சிறந்த 3. இந்த விதி பாடநெறியின் அறிமுகப் பக்கத்தில் இருக்கும். ஆனால் தவறவிட்ட நாளில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பவர் குறைவு. அந்த வாரத்து அறிவிப்பில் அதே விதி ஒரு வரியாக இடம்பெற்றால், விலகவிருந்த மாணவர் தொடர வழி பிறக்கும்.

அறிவிப்பு வெளியாகும் இடங்கள்

ஒவ்வொரு கற்றல் மேலாண்மை அமைப்பும் அறிவிப்பை வேறு விதமாகக் கையாள்கிறது. அதை அறிந்தால் எழுதும் முறையும் திருந்தும்.

மூடில்: 2002இல் வெளிவந்த இக்கட்டற்ற மென்பொருளில் ஒவ்வொரு பாடநெறிக்கும் அறிவிப்புப் பகுதி ஒன்று உண்டு. இயல்பான அமைப்பில் அதில் ஆசிரியர் மட்டுமே எழுத முடியும். மாணவர் அனைவரும் அதன் பெறுநர்களாக இருப்பர். எழுதியதைத் திருத்த வழக்கமாக 30 நிமிடங்கள் தரப்படும். அதன் பின்னரே மின்னஞ்சல் செல்லும். எழுதி முடித்தவுடன் ஒருமுறை முழுவதும் படித்துப் பிழை திருத்துவதற்கு இந்த அரை மணி நேரம் போதுமானது.

கூகுள் கிளாஸ்ரூம்: 2014இல் வந்த இச்சேவையில் அறிவிப்புகள் வகுப்பின் முகப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும். புதியது வர வர முந்தையது கீழே போகும். நாள்தோறும் பல செய்திகள் இட்டால் முக்கியமானது புதைந்துவிடும். முன்கூட்டியே எழுதி, குறித்த நாளில் தானாக வெளியாகும்படி வைக்கும் வசதியும் இதில் உண்டு.

ஸ்வயம், என்பிடெல்: அறிவிப்பு பாடநெறிப் பக்கத்திலும் பதிவு செய்த மின்னஞ்சலுக்கும் வருகிறது. ஒரு பாடநெறியில் ஆயிரக்கணக்கானோர் இருக்கலாம் என்பதால், அறிவிப்பில் ஒரு சொல் தெளிவின்றி இருந்தாலும் அதே ஐயம் விவாதப் பகுதியில் நூற்றுக்கணக்கான கேள்விகளாகத் திரும்பி வரும்.

வாட்சப் குழுக்கள்: முறையான அறிவிப்பு எங்கு வெளியானாலும், அதை ஒருவர் நகலெடுத்துக் குழுவில் இடுவது இன்றைய வழக்கம். அவ்வாறு நகலெடுக்கும்போது அது எந்த நாளில், எந்தப் பாடநெறிக்காக எழுதப்பட்டது என்ற விவரம் உதிர்ந்துவிடும். சென்ற பருவத்து அறிவிப்பு இந்தப் பருவத்தில் மீண்டும் சுற்றி வந்து குழப்பம் விளைவிக்கும். எனவே பாடநெறியின் பெயர், நாள், ஆண்டு ஆகியவை அறிவிப்பின் உள்ளேயே எழுதப்பட வேண்டும்.

தெளிவாக எழுதுதல்

தலைப்பு

"முக்கிய அறிவிப்பு", "மாணவர் கவனத்திற்கு" என்பன எல்லா அறிவிப்புக்கும் பொருந்தும் தலைப்புகள். ஆகவே எதையும் சொல்லாதவை. எதைப் பற்றியது, என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்ற மூன்றும் தலைப்பிலேயே அடங்குவது நல்லது. "தேர்வுப் பதிவு: ஆகஸ்ட் 22, வெள்ளி மாலை 5 மணிக்குள்" என்ற தலைப்பைப் படித்தவர் உள்ளே போகாவிட்டாலும் வேண்டியதை அறிந்துகொள்வார். மாணவர் எதுவும் செய்ய வேண்டாத செய்தி என்றால் "தகவலுக்கு மட்டும்" எனத் தலைப்பில் குறிக்கலாம்.

முதல் வரி

தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் இறுதியில் வருகிறது. "வேண்டும்", "வேண்டாம்", "இல்லை" ஆகிய முடிவுச் சொற்களும் இறுதியிலேயே நிற்கின்றன. கைப்பேசியின் அறிவிப்புப் பட்டையிலோ செய்தியின் முதல் சில சொற்கள் மட்டுமே தெரியும். "கேள்வித்தாளில் செய்யப்பட்ட மாற்றத்தின் காரணமாக 3ஆம் வார ஒப்படைப்பை ஏற்கெனவே அனுப்பியவர்கள் அதை மீண்டும் அனுப்ப வேண்டிய அவசியமில்லை" என்ற வாக்கியத்தில், "மீண்டும் அனுப்ப வேண்டிய" என்பது வரை மட்டும் திரையில் தெரிந்தால் பொருள் நேர்மாறாகிவிடும். இதனையே "யாரும் மீண்டும் அனுப்ப வேண்டாம். 3ஆம் வாரக் கேள்வித்தாளில் ஒரு சிறு மாற்றம் செய்துள்ளோம்" என எழுதினால் முதல் நான்கு சொற்களிலேயே செய்தி முடிந்துவிடுகிறது. முடிவை முதல் வரியிலும் காரணத்தை அடுத்த வரியிலும் சொல்வதும், வாக்கியத்தைச் சிறிதாக அமைப்பதும் தமிழ் அறிவிப்புக்கு மிகவும் இன்றியமையாதவை.

நாளும் நேரமும்

பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் தோன்றுகின்றன.

• "புதன் இரவு 12 மணி" என்றால் செவ்வாய் முடிந்து புதன் தொடங்கும் நள்ளிரவா, புதன் முடியும் நள்ளிரவா என்பது விளங்காது. பல தளங்கள் கடைசி நேரத்தை இரவு 11.59 எனக் குறிப்பது இதனால்தான்.
• "வரும் வெள்ளி", "அடுத்த வாரம்", "நாளை" ஆகியவை படிக்கும் நாளைப் பொறுத்துப் பொருள் மாறுபவை. நாள், மாதம், கிழமை மூன்றையும் எழுத வேண்டும். கிழமையும் தேதியும் ஒத்துப்போகின்றனவா என நாட்காட்டியில் பார்த்துக்கொள்வதும் அவசியம்.
• 05/06 என்பது ஜூன் 5 ஆகவும் மே 6 ஆகவும் படிக்கப்படலாம். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதினால் இச்சிக்கல் இல்லை.
• வெளிநாட்டு மாணவர் இருந்தால் எந்த நாட்டு நேரம் என்று குறிப்பிட வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் நேரம் ஒன்றே. இந்திய நேரம் இரவு 11.59 ஆகும்போது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மறுநாள் அதிகாலை 2.29. இலண்டனில் கோடைக்காலத்தில் அதே நாள் மாலை 7.29, குளிர்காலத்தில் 6.29.

சொற்கள்

ஒரே பொருளுக்கு ஓர் அறிவிப்பில் "ஒப்படைப்பு" என்றும், அடுத்ததில் "பணி" என்றும், பின்னொன்றில் "அசைன்மென்ட்" என்றும் எழுதினால் அவை மூன்று வெவ்வேறு வேலைகள் என மாணவர் எண்ணக்கூடும். தமிழ்நாட்டில் ஒப்படைப்பு எனப்படுவது இலங்கையில் ஒப்படை எனப்படுகிறது. எச்சொல்லைத் தேர்ந்தாலும் பருவம் முழுவதும் அதையே ஆள வேண்டும். திரையில் ஆங்கிலத்தில் உள்ள பொத்தான்களைத் தமிழாக்கிச் சொன்னால் மாணவர் அச்சொல்லைத் திரையில் தேடி ஏமாறுவார். திரையில் எப்படி உள்ளதோ அப்படியே குறிப்பிட்டு, "விடைகளின் கீழே உள்ள 'சப்மிட்' பொத்தான்" என இடத்தையும் சொல்வதே உதவும்.

அலுவலக நடை

"கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்", "அறிவுறுத்தப்படுகிறது", "ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது" போன்ற செயப்பாட்டு வினைகள் அரசாணைகளிலிருந்து பள்ளிச் சுற்றறிக்கைகளுக்கு வந்தவை. இவற்றில் யார் கேட்கிறார், யார் செய்ய வேண்டும் என்பது மறைந்துவிடுகிறது. "மாணவர்கள் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பதற்கு "படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்" என்பது போதும். சொற்கள் குறையும், பொருளும் குறையாது.

ஓர் அறிவிப்புக்கு ஒரு செயல்

தேர்வுப் பதிவு, ஒப்படைப்பு, நேரலை வகுப்பு ஆகிய மூன்றையும் ஒரே நீண்ட பத்தியில் சொன்னால் மாணவர் முதலாவதைச் செய்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவார். தனித்தனி அறிவிப்புகளாகப் பிரிப்பது நல்லது. ஒன்றாகவே சொல்ல வேண்டியிருந்தால் எண்ணிட்ட பட்டியலாகத் தருவது நலம்.

ஆதரவான தொனி

ஆதரவு என்பது இனிய சொற்களைத் தூவுவது அன்று. மாணவர் அடுத்து எடுத்து வைக்க வேண்டிய அடியைக் காட்டுவதே உண்மையான ஆதரவு. "கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லும் அறிவிப்பை விட, "4ஆம் காணொளியை ஒருமுறை பார்த்துவிட்டு 7ஆம் கேள்விக்கு வாருங்கள்" என்று சொல்லும் அறிவிப்பு கவலையைக் கூடுதலாகக் குறைக்கும்.

விளி: கல்லூரி மாணவர், பணியிலிருப்போர், ஓய்வு பெற்றோர் எனப் பல வயதினர் ஒரே பாடநெறியில் இருப்பதால் "நீங்கள்" என்ற மரியாதைப் பன்மையே எல்லோர்க்கும் பொருந்தும். "மாணவர்கள் செய்ய வேண்டும்" என எட்ட நின்று சொல்வதை விட "நீங்கள் செய்ய வேண்டியது" என்பது நெருக்கமானது. "மாணவ மாணவியரே" என்பதை விட "அன்பு மாணவர்களே" என்பது சுருக்கமாகவும் அனைவரையும் உள்ளடக்கியும் அமையும்.

பொதுவில் கடிதல்: சிலர் செய்த தவற்றுக்காக எல்லோரையும் கண்டிக்கும் அறிவிப்பு இரண்டு வகையில் பயனற்றது. ஒழுங்காகச் செய்தவர் தம் உழைப்பு மதிக்கப்படவில்லை என வருந்துவார். செய்யாதவரோ அந்த அறிவிப்பைத் திறக்கவே அஞ்சுவார். ஒப்படைப்பு அனுப்பாதவர்களின் பெயர்ப் பட்டியலையோ குறைந்த மதிப்பெண் பெற்றவர்களின் விவரத்தையோ அறிவிப்பில் வெளியிடக்கூடாது. அத்தகையோருக்குத் தனி மின்னஞ்சல் எழுதுவதே முறை.

மாணவரின் சூழல்: 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, பல வீடுகளில் பெற்றோர் வேலை முடிந்து திரும்பிய பிறகே பிள்ளைகளின் கைக்குக் கைப்பேசி வந்தது. இன்றும் ஒரே கருவியைப் பலர் பகிரும் வீடுகள் உண்டு. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் உண்டு. காலை பத்து மணிக்கு அறிவித்து அன்றே மாலை மூன்று மணிக்குள் பதில் கேட்பது இவர்களுக்கு இயலாதது. "இவ்வளவு எளிதான பாடம்" என்று எழுதுவதும் தவிர்க்கத்தக்கது. அது எளிதாக அமையாத மாணவர் தம்மையே குறைவாக எண்ணிக்கொள்வார்.

கனிவும் கண்டிப்பும்: கனிவு வேறு, தளர்வு வேறு. கடைசி நேரம் கடந்தால் தளம் தானாகவே மூடிக்கொள்ளும் என்றால் அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். மறைத்து மென்மையாகச் சொன்னால் இழப்பு மாணவருக்கே. கண்டிப்பான விதியைச் சொல்லும் இடத்தில் அதன் காரணத்தையும், தவறினால் மீதமுள்ள வழியையும் சேர்த்துச் சொல்வதே ஆதரவான முறை.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வரும் அறிவிப்பு விளக்கத்துக்காக எழுதப்பட்டது:

"முக்கிய அறிவிப்பு. பலமுறை அறிவுறுத்தியும் பலர் ஒப்படைப்பை இதுவரை சமர்ப்பிக்காதது வருந்தத்தக்கது. புதன் இரவு 12 மணிக்குப் பிறகு எக்காரணம் கொண்டும் ஒப்படைப்புகள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது. மாணவர்கள் உடனடியாக உரிய நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதில் எந்த வாரத்து ஒப்படைப்பு, எந்தத் தேதி, எங்கே சமர்ப்பிப்பது என்ற விவரம் இல்லை. 12 மணி எந்த நாளுக்குரியது எனத் தெரியவில்லை. சமர்ப்பித்தவரும் கடிந்துகொள்ளப்படுகிறார். தடுமாறி நிற்பவருக்கு வழி ஏதும் இல்லை. இதையே பின்வருமாறு எழுதலாம்:

"3ஆம் வார ஒப்படைப்பு: 2025 ஆகஸ்ட் 13, புதன், இரவு 11.59க்குள்

அன்பு மாணவர்களே,

3ஆம் வார ஒப்படைப்பை அனுப்ப இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அனுப்பியவர்களுக்கு நன்றி, நீங்கள் வேறு எதுவும் செய்ய வேண்டாம். அனுப்பாதவர்கள் செய்ய வேண்டியவை:

1. பாடநெறிப் பக்கத்தில் '3ஆம் வாரம்' பகுதியைத் திறக்கவும்.
2. 10 கேள்விகளுக்கும் விடையளித்து, கீழே உள்ள 'சப்மிட்' பொத்தானை அழுத்தவும்.
3. விடைகள் பதிவானதைத் தெரிவிக்கும் செய்தி திரையில் வருகிறதா எனப் பார்க்கவும்.

கடைசி நேரம் வரை விடைகளை மாற்றி அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதே மதிப்பிடப்படும். அந்த நேரத்துக்குப் பின் தளம் தானாக மூடிக்கொள்ளும். எங்களாலும் திறக்க இயலாது.

7ஆம் கேள்வியில் பலர் தடுமாறுவதைப் பார்க்கிறோம். இவ்வாரத்தின் 4ஆம் காணொளியை மீண்டும் பார்த்தால் வழி கிடைக்கும்.

இந்த வாரம் முடியாமல் போனாலும் படிப்பை விட்டுவிட வேண்டாம். 12 ஒப்படைப்புகளில் சிறந்த 8 மட்டுமே கணக்கில் சேரும்.

ஐயம் இருந்தால் செவ்வாய் இரவு 8 மணிக்குள் விவாதப் பகுதியில் கேளுங்கள். புதன் காலை 10 மணிக்குள் பதில் தருவோம்.

பாடநெறிக் குழு"

இரண்டாவது அறிவிப்பு நீளமானது. ஆயினும் படிப்பவருக்கு எளிதானது. தலைப்பையும் முதல் பத்தியையும் படித்தவுடனேயே வேலை முடித்தவர் விலகிக்கொள்ளலாம். மற்றவர் பட்டியலைப் பின்பற்றலாம். கடைசி நேரத்தின் கண்டிப்பு முதல் அறிவிப்பில் உள்ளதை விடச் சிறிதும் குறையவில்லை. அதன் காரணம் மட்டும் கூடுதலாகச் சொல்லப்பட்டுள்ளது.

அறிவிப்பு வகைகள்

வரவேற்பு அறிவிப்பு: பாடநெறி தொடங்குமுன் வருவது. முதலில் எந்தப் பக்கத்தைத் திறப்பது, வாரத்துக்கு ஏறத்தாழ எத்தனை மணி நேரம் தேவை, மதிப்பெண் எவ்வாறு கணக்கிடப்படும், கேள்விகளை எங்கே கேட்பது என்ற நான்கும் இதில் இருந்தால் போதும். என்பிடெல்லின் பெரும்பாலான பாடநெறிகளில் ஒப்படைப்புக்கு 25, நேரடி மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். சான்றிதழ் பெற ஒப்படைப்பில் 25க்கு 10உம் தேர்வில் 75க்கு 30உம் தனித்தனியே பெற வேண்டும். இதுபோன்ற விதிகளை முதல் நாளே எளிய சொற்களில் சொல்லிவிடுவது பின்னால் வரும் ஏமாற்றத்தைத் தடுக்கும். பாடம் கற்கக் கட்டணமில்லை; தேர்வு எழுத மட்டுமே தனிப் பதிவும் கட்டணமும் என்ற வேறுபாட்டையும் தெளிவாக்க வேண்டும். பாடநெறியில் சேர்ந்ததையே தேர்வுப் பதிவு என எண்ணி இருந்துவிடுபவர்கள் உண்டு.

வார அறிவிப்பு: சென்ற வாரம் கற்றதை ஓரிரு வரியில் நினைவூட்டி, இந்த வாரப் பாடத்தோடு இணைத்து, செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடுவது. ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில், ஒரே வடிவில் வந்தால் மாணவர் எதைத் தேட வேண்டும் என்பதைப் பழகிக்கொள்வர்.

நினைவூட்டல்: கடைசி நேரத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னர் ஒன்று, தேவையானால் முந்தைய நாள் ஒன்று. புதிய விவரம் எதையும் நினைவூட்டலில் சேர்க்கக்கூடாது.

திருத்த அறிவிப்பு: விடைக்குறிப்பிலோ காணொளியிலோ பிழை நேர்ந்தால் வெளியிடுவது. முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, யாருக்குப் பொருந்தும், மாணவர் ஏதாவது செய்ய வேண்டுமா என்ற நான்கையும் சொல்ல வேண்டும். "2ஆம் வார ஒப்படைப்பின் 5ஆம் கேள்விக்கு விடை ஆ எனத் தந்திருந்தோம்; சரியான விடை இ. எல்லோருடைய விடைகளையும் மீண்டும் மதிப்பிடுகிறோம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். தவற்றுக்கு வருந்துகிறோம்" என்பது போதுமானது. பழைய அறிவிப்பை ஓசையின்றி மாற்றிவிடுவது தவறு. முன்னரே படித்தவருக்கு மாற்றம் தெரியாமல் போகும்.

மதிப்பெண் அறிவிப்பு: மதிப்பெண்ணை எங்கே பார்ப்பது, ஐயமிருந்தால் எத்தனை நாளுக்குள் யாரிடம் முறையிடுவது என்பதுடன், பலரும் செய்த இரண்டு மூன்று பிழைகளையும் விளக்கினால் அந்த அறிவிப்பே ஒரு சிறு பாடமாகிவிடும்.

இடர்க்கால அறிவிப்பு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாட்கணக்கில் தடைப்பட்டன. இத்தகைய வேளையில் அறிவிப்பு மிகச் சுருக்கமாக இருக்க வேண்டும். கடைசி நாள் நீட்டிக்கப்பட்டதா, புதிய நாள் எது என்பது முதல் வரி. இணையம் திரும்பிய பின் செய்ய வேண்டியது இரண்டாவது வரி. முடிவு எடுக்கப்படவில்லை என்றால், எப்போது அறிவிக்கப்படும் என்றாவது சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர்களால் அந்த நாட்களில் அறிவிப்பைப் படிக்கவே முடியாது என்பதால், மின்சாரம் திரும்பிய பிறகு அதே அறிவிப்பை மீண்டும் அனுப்புவது நல்லது.

அனைவரும் படிக்கத்தக்க வடிவம்

அறிவிப்பைத் தாளில் அச்சிட்டு, முத்திரையிட்டு, ஒளிப்படமாக எடுத்து அனுப்பும் பழக்கம் பரவலாக உள்ளது. பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருள் பெரும்பாலும் படத்தில் உள்ள எழுத்தை அப்படியே படித்துவிடாது. என்விடிஏ போன்ற கட்டணமில்லாத் திரைவாசிப்பான்கள் ஒருங்குறியில் தட்டச்சு செய்த தமிழை உரக்கப் படிக்க வல்லவை. படமாக இருப்பதைத் தேடவும் முடியாது. அதிலுள்ள இணைப்பை அழுத்தவும் முடியாது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை கைப்பேசியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. எனவே அறிவிப்பை ஒருங்குறி எழுத்தாகவே அனுப்ப வேண்டும். படம் தேவையெனில் கூடுதலாக இணைக்கலாம்.

"இங்கே அழுத்தவும்" என்று மட்டும் இணைப்புக்குப் பெயரிடாமல், "தேர்வுப் பதிவுப் படிவம்" என அது செல்லும் இடத்தைப் பெயராகத் தர வேண்டும். சிவப்பு நிறத்தால் மட்டும் முக்கியத்துவத்தைக் காட்டக்கூடாது. நிறம் பிரித்தறிய இயலாதவர்க்கு அது தெரியாது.

எண்ணிக்கையும் நேரமும்

அறிவிப்பு மிகக் குறைந்தால் மாணவர் கைவிடப்பட்டதாக உணர்வார். மிகுந்தால் எதையும் படிக்க மாட்டார். வாரம் ஒரு வழக்கமான அறிவிப்பு, ஒரு நினைவூட்டல், தேவைப்பட்டால் ஒரு திருத்தம் என்ற அளவு பெரும்பாலான பாடநெறிகளுக்குப் போதுமானது. நள்ளிரவில் எழுதப்பட்டதை அப்போதே அனுப்பாமல் காலையில் வெளியாகும்படி வைக்கலாம். தொழில்நுட்பக் கோளாறு அறிவிப்பை மட்டும் உடனே அனுப்ப வேண்டும். அன்றிரவே ஒப்படைப்பை அனுப்ப முயன்று தவிக்கும் மாணவருக்கு அது மறுநாள் பயன்படாது.

அனுப்புமுன் சரிபார்க்க வேண்டியவை

• தலைப்பைப் படித்தாலே செய்தி விளங்குகிறதா?
• முதல் வரியில் செய்ய வேண்டியது அல்லது வேண்டாதது உள்ளதா?
• தேதி, கிழமை, நேரம், ஆண்டு முழுமையாகவும் பொருந்தியும் உள்ளனவா?
• யாருக்கு உரியது, யாருக்கு உரியதன்று என்பது தெரிகிறதா?
• இணைப்புகளை மாணவரின் கணக்கிலிருந்து திறந்து பார்த்தாயிற்றா?
• தவறவிட்டவருக்கு வழி சொல்லப்பட்டுள்ளதா?
• கேள்வி கேட்கும் இடமும் பதில் வரும் நேரமும் உள்ளனவா?
• வேறொரு குழுவில் நகலெடுத்து இட்டாலும் பொருள் மாறாமல் நிற்குமா?

இவற்றோடு, அறிவிப்பை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது பழைய வகுப்பறை வழக்கங்களுள் இன்றும் பயன் தருவது. எதிரில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவரிடம் சொல்லத் தயங்கும் வாக்கியம் எதுவும் அறிவிப்பிலும் இடம்பெறத் தகுந்ததன்று.